ஃப்ளிப்பர்: மூன்று அங்குலக் கையின் கதை

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. பழியை ஒரு இயந்திரத்தின் மேல் போடுகிறேன். கடந்த மூன்று மாதமாக வெள்ளிக்கிழமை மாலைகளில் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். "பூனாவுக்கு வேலைக்கு வந்தீங்களா, ஒர்க்‌ஷாப் வைக்க வந்தீங்களா?" என்று வீட்டம்மா கேட்டாயிற்று. சட்டையில் கரி, கையில் கீறல். பதில் சொல்ல வழியில்லை.

எங்கள் அலுவலகத்தின் பொழுதுபோக்கு அறையில் கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் மேஜை இவற்றுக்கு நடுவே துணி போர்த்தி ஒரு பின்பால் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. 1980களின் கடைசியில் சிகாகோவில் செய்தது. எங்கள் பழைய முதலாளி அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கப்பலில் வரவழைத்தாராம். அவர் கம்பெனியை விற்றுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. இயந்திரம் மட்டும் தங்கிவிட்டது. விளக்கெல்லாம் எரியும், பாட்டும் வரும். ஆனால் இடது ஃப்ளிப்பர் சோனி, குண்டைப் பாதி தூரம் கூடத் தள்ளாது. வலது ஃப்ளிப்பர் மேலே போனால் இறங்க மனசு வராமல் நிற்கும். ஒரு தடவை ஆடியவர்கள் இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

ஜனவரியில் நிர்வாகத்திலிருந்து மடல் வந்தது. மார்ச் கடைசிக்குள் மாடி மாறுகிறோம், வேலை செய்யாத பொருள் எல்லாம் பங்கார்வாலாவுக்கு. (பங்கார்வாலா என்றால் நம்ம ஊர் பழைய இரும்புக்காரர்.) பட்டியலில் மூன்றாவது வரி இந்த இயந்திரம், எடை போட்டு விற்பதற்கு.

எனக்கு ஏனோ பொறுக்கவில்லை. எங்கள் கட்டட எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சொன்னேன். அறுபதை நெருங்கும் மராட்டியர். எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் சித்தப்பா. என் மகளுக்கு முதலில் இது காக்காயாகத்தான் கேட்டது, இன்னும் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிறாள் :-) காகாவுக்கும் மார்ச்சோடு ஓய்வு. துணியை விலக்கி ஒரு நிமிடம் பார்த்தார். "சாஹேப், இது செத்துப்போகலை, களைச்சுப்போச்சு" என்றார்.

அந்தக் களைப்பைத் தீர்க்கப் போய்த்தான் ஃப்ளிப்பரின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கையில்லாத காலம்

பின்பால் என்றதும் நம்மில் பலருக்கு நிஜ இயந்திரம் நினைவுக்கு வராது. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த 'ஸ்பேஸ் கேடட்' விளையாட்டுதான் வரும். இடது கைக்கு இஸட் எழுத்து, வலது கைக்குச் சாய்கோடு, குண்டைச் செலுத்த ஸ்பேஸ் பார். இரவுப் பணியில் சர்வர் எழுந்திருக்கக் காத்திருந்த நேரத்தில் எத்தனை பேர் அந்த விசைகளைத் தேய்த்திருப்போம்! 1995-ல் விண்டோஸ் 95-க்கான கூடுதல் தொகுப்போடு வந்த விளையாட்டு அது. விஸ்டாவில் காணாமல் போனது. 64 பிட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது குண்டு எதிலும் மோதாமல் ஆவி மாதிரி எல்லாவற்றையும் ஊடுருவிப் போனதாம். ஏன் என்று கண்டுபிடிக்க முடியாமல் கைவிட்டதாக மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவரே பின்னால் எழுதினார்.

அதற்கும் முன்னால் போனால், பொருட்காட்சியில் வாங்கிய ஆணிப்பலகை ஞாபகம் வரலாம். சாய்வான பலகை, வளைத்து வளைத்து அடித்த ஆணிகள், ஸ்பிரிங் குச்சியால் தட்டிவிட்டால் ஓடும் கோலிக்குண்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. குண்டு 100 என்று எழுதிய குழியில் விழுமா, வெறுமனே கீழே வருமா என்று வாயைத் திறந்துகொண்டு பார்ப்போம். குச்சியை விட்ட பிறகு நாம் செய்ய ஒன்றுமே இல்லை. வேண்டிக்கொள்ளலாம், அல்லது அண்ணன் பார்க்காத நேரத்தில் பலகையை லேசாகச் சாய்க்கலாம்.

அந்த ஆணிப்பலகைதான் பின்பாலின் தாத்தா. பெயர் பகடெல். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் பிரபுக்கள் வீட்டு மேஜை விளையாட்டு. பாரிசில் 1777-ல் கட்டிய பகடெல் மாளிகையின் பெயரே இதற்கும் வந்தது என்பார்கள். முதலில் பில்லியர்ட்ஸ் போல் கோலால் தள்ளினார்கள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் சின்சினாட்டியில் குடியேறிய மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் கோலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த தண்டைப் பொருத்தினார். 1871-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்கும் பின்பால் இயந்திரத்தின் வலது மூலையில் நாம் இழுத்து விடுவது அந்தத் தண்டைத்தான்.

அடுத்த பெரிய தாவல் 1931-ல். அமெரிக்காவில் பொருளாதார மந்தம். வேலை இல்லை, கையில் காசு இல்லை, நேரம் மட்டும் நிறைய இருந்தது. சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற சிறு இயந்திரத்தை 17.50 டாலருக்கு விற்றார். கடை மேடை மேல் வைக்கும் அளவுதான். 50,000-க்கும் மேல் விற்றது. தேவைக்கு ஈடாக அவரால் செய்து தர முடியவில்லை. அவரிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரேமண்ட் மலோனி பொறுத்துப் பார்த்துவிட்டு, 'பாலிஹூ' என்று தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பாலி என்ற கம்பெனியின் பெயர் அதிலிருந்து வந்தது. ஹாரி வில்லியம்ஸ் என்பவர் இயந்திரத்தைத் தூக்கிக் குலுக்குகிறவர்களைப் பிடிக்க 'டில்ட்' அமைப்பைக் கொண்டுவந்தார். அளவுக்கு மேல் ஆட்டினால் ஆட்டம் முடிந்தது. (அண்ணன் பார்க்காதபோது பலகையைச் சாய்த்த என்னைப் போன்றவர்களுக்காகவே செய்தது.) கொஞ்ச வருடத்தில் சிகாகோவே பின்பால் ஊராகிவிட்டது. சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, கோயம்புத்தூருக்குப் பம்புசெட் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இயந்திரங்களில் ஒன்றில் கூட ஃப்ளிப்பர் கிடையாது. குண்டை விட்டால் விட்டதுதான். சில இயந்திரங்கள் ஜெயித்தவருக்குக் காசு கொடுத்தன. சில கடைகளில் கல்லாவிலிருந்து பரிசு கொடுத்தார்கள். தண்டை இழுப்பதைத் தவிர ஆடுபவருக்கு வேலையில்லாத விளையாட்டில் காசு புழங்கினால் அதற்குப் பெயர் என்ன? சூதாட்டம். நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா அப்படித்தான் பார்த்தார். பள்ளிப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறார்கள், பின்னால் ரௌடிக் கும்பல் இருக்கிறது என்றார். 1942 ஜனவரியில் நகரம் முழுக்கத் தடை. போலீஸ் ஆயிரக்கணக்கில் இயந்திரங்களைப் பறிமுதல் செய்தது. சம்மட்டியால் அடித்து நொறுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. லாஸ் ஏஞ்சலஸ் அதற்கு முன்பே தடை செய்திருந்தது. இயந்திரங்கள் பிறந்த சிகாகோவிலேயே பல வருடம் தடை இருந்தது. அங்கே செய்யலாம், ஆடக்கூடாது!

அந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். குழந்தைகளின் சில்லறையை விழுங்கும் பெட்டி நம் தெருவில் வந்தாலும் நாம் கத்துவோம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

ஆறு கை, பிறகு இரண்டு கை

1947 அக்டோபர். காட்லீப் கம்பெனி 'ஹம்டி டம்டி' என்று ஓர் இயந்திரத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அதன் இரு பக்கங்களிலும் மூன்று மூன்றாக ஆறு சின்னக் கைகள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் இழுத்து அந்தக் கைகளை ஆட்டும். நுனிகள் இன்று இருப்பது போல உள்நோக்கி இல்லை, வெளிப்பக்கம் பார்த்திருந்தன. வலுவும் குறைவு. கீழே உள்ள கை குண்டைச் சற்று மேலே தள்ள, அடுத்தது வாங்கி இன்னும் மேலே தள்ள, பேருந்தில் டிக்கெட்டுக் காசைக் கைமாற்றிக் கொடுப்பது போல ஏற்றிவிட வேண்டும்.

இருந்தாலும், குண்டு கீழே வரும்போது மனிதனால் முதல் தடவையாக ஏதோ செய்ய முடிந்தது. சுமார் 6,500 இயந்திரங்கள் விற்றன. மற்ற கம்பெனிகள் எல்லாம் அலறியடித்துக்கொண்டு ஃப்ளிப்பர் வைக்க ஓடின. ஏற்கெனவே விற்ற பழைய இயந்திரத்தில் துளை போட்டு மாட்டிக்கொள்ள உதிரித் தொகுப்புகள் கூடச் சந்தைக்கு வந்தன.

இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். ஸ்டீவ் கார்டெக். 1937-ல் வேலையில்லாமல் சிகாகோவில் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, ஒரு கட்டட வாசலில் ஒதுங்கினார். அது ஜென்கோ என்ற பின்பால் கம்பெனி. "வேலைக்கு வந்தீரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சேர்ந்துவிட்டார். அதுவரை அவர் பின்பாலைப் பார்த்தது கூட இல்லையாம். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வாழ்க்கை அமைந்துவிடுவது நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குப் புரியும்.

பத்து வருடம் கழித்து, 1948 ஜனவரியில் சிகாகோ வர்த்தகக் கண்காட்சி. ஜென்கோவும் ஃப்ளிப்பர் வைத்து ஏதாவது காட்டியாக வேண்டும். பொறுப்பு கார்டெக் தலையில் விழுந்தது. சிக்கன குணம் கொண்ட மனிதர். ஆறு எதற்கு, இரண்டு போதுமே என்று நினைத்தார். அந்த இரண்டையும் பலகையின் அடியில், குண்டு வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார், வலுவும் கூட்டினார். குண்டு ஒரே அடியில் உச்சிக்குப் போனது. அந்த இயந்திரத்தின் பெயர் 'டிரிப்பிள் ஆக்‌ஷன்'. 1950-ல் காட்லீப் கைகளின் நுனியை உள்நோக்கித் திருப்பியது. 1968 வாக்கில் இரண்டு அங்குலக் கை மூன்று அங்குலமாக வளர்ந்தது. இன்று வரை அடிப்படை அதுதான். அடியில் இரண்டு கை, நடுவில் ஒரு இடைவெளி.

கார்டெக் நூறுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை வடிவமைத்து, நூறு வயதும் வாழ்ந்து 2012-ல் மறைந்தார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இந்த விளையாட்டுக்குப் பெயரே ஃப்ளிப்பர்தான். பெட்டியில் உள்ள ஆயிரம் உறுப்பில் ஒன்றின் பெயர் மொத்தத்துக்கும் ஆகிவிட்டது என்றால் அதன் பெருமையை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

இப்போது எங்கள் இயந்திரத்துக்கு வருவோம். அமெரிக்கச் சரக்கு என்பதால் முன்னால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியை உருவி, குண்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும். (மறந்தால் 80 கிராம் எஃகு குண்டு உருண்டு வந்து எதையாவது உடைக்கும்.) பிறகு ஆட்டப் பலகையைக் கார் பானட் மாதிரித் தூக்கி நிறுத்தலாம். அடியில் பார்த்தால் ஒயர்க் காடு. பயப்படாதீர்கள். ஃப்ளிப்பரின் சங்கதி கொஞ்சம்தான்.

மேலே தெரிகிற ரப்பர் வளையம் போட்ட கையிலிருந்து ஒரு தண்டு, நைலான் புஷ்ஷிங் வழியாகப் பலகைக்குக் கீழே இறங்குகிறது. கீழே அதை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கிளாம்ப்போடு சின்ன இணைப்புத் துண்டு, அதோடு ஓர் இரும்புப் பிளஞ்சர். பிளஞ்சர் ஒரு செப்புக் காயிலுக்குள் போய் வருகிறது. காயிலுக்கும் பிளஞ்சருக்கும் நடுவே நைலான் குழாய், அதுதான் ஸ்லீவ். காயிலின் மறுமுனையில் பிளஞ்சர் மோதி நிற்க ஓர் இரும்புத் தடுப்பு. திரும்பக் கொண்டுவர ஒரு ஸ்பிரிங். கடைசியாக, மூலையில் ஓர் இலை ஸ்விட்ச்.

அந்த இலை ஸ்விட்ச் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காயிலைப் பார்த்தால் இரண்டு முனைக்குப் பதில் மூன்று முனை. காகா மல்டிமீட்டரை வைத்தார். ஒரு ஜோடிக்கு நாலு ஓம், இன்னொன்றுக்கு நூறுக்கும் மேல். உடனே சிரித்தார். "சாஹேப், உங்க ஊர் பம்பு மோட்டார்தானே இது!"

நான் கோவைப் பக்கத்துக்காரன். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் கிளம்புவதற்கென்று தனிச் சுற்று உண்டு. மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு ஸ்விட்ச் அந்தச் சுற்றைத் துண்டித்துவிடும். துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டால் வைண்டிங் கருகும், அப்பா கோபத்தோடு மோட்டாரை வண்டியில் ஏற்றி வைண்டிங் கடைக்குப் போவார். ஃப்ளிப்பரிலும் இதே யுக்திதான். பிளஞ்சர் வெளியே இருக்கும்போது காந்தத்தின் பிடி குறைவு. அதை உள்ளே இழுக்கவும், அந்த வேகத்தில் குண்டை அடிக்கவும் நிறைய மின்சாரம் வேண்டும். அதற்குத் தடிமனான கம்பிச் சுற்று. 50 வோல்ட்டை நாலு ஓமில் விட்டால் 12 ஆம்பியருக்கு மேல், அதாவது 600 வாட். ஒரு குதிரைத்திறனுக்குக் கொஞ்சம்தான் குறைவு! ஆனால் அது கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான். பிளஞ்சர் உள்ளே போய் இடித்து நின்றுவிட்டால், அதை அங்கேயே பிடித்து வைக்க மிகக் குறைந்த மின்சாரம் போதும். அந்த நொடியில் கிளாம்ப் இலை ஸ்விட்சைத் தள்ளித் திறக்கிறது. அதன் பிறகு மெல்லிய கம்பிச் சுற்றின் தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அரை ஆம்பியர் கூட இராது. நீங்கள் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் காயில் தாங்கும்.

ஆக, இந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால் காயில் வெந்துபோகும். சரியாக மூடாவிட்டால் ஃப்ளிப்பர் சோனியாகிவிடும். எங்கள் இடது கையின் வியாதி இரண்டாவது. ஸ்விட்சின் முனைகள் தீப்பொறி பட்டுப் பட்டுக் கருகிக் குழி விழுந்திருந்தன. மின்சாரம் முழுதாகப் போகவில்லை. இவை டங்ஸ்டன் முனைகள், சின்ன அரத்தால் ராவிச் சமன் செய்யலாம். (1990களின் தொடக்கத்தில் வந்த சில வகை இயந்திரங்களில் ஃப்ளிப்பரை எலக்ட்ரானிக் பலகையே இயக்கும். அவற்றில் இந்த ஸ்விட்சுக்கு மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். அதில் அரம் படக்கூடாது, ஒரு கெட்டிக் காகிதத்தை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தால் போதும்.)

வலது கையின் வியாதி வேறு. பிளஞ்சர் லட்சம் தடவை மோதி மோதி நுனி காளான் மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த நுனி ஸ்லீவில் சிராய்த்து மாட்டிக்கொள்கிறது. மோதித் தடுக்கும் இரும்பிலும் பள்ளம். இணைப்புத் துண்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டது.

இங்கே அடியேன் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். காகா இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெயைப் பிளஞ்சரில் அடித்தேன். ஆகா, வெண்ணெய் மாதிரி ஓடியது! திங்கட்கிழமை எல்லோரிடமும் பெருமை. வியாழக்கிழமைக்குள் எண்ணெயில் தூசியும் கரியும் சேர்ந்து மை மாதிரி இறுகி, முன்னைவிட மோசம். காகா மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. ஃப்ளிப்பர் காயிலுக்குள் எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடாது. நைலானும் எஃகும் உலர்ந்தபடியே ஓட வேண்டியவை. சிக்கினால் ஸ்லீவை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு தப்பு இருவரும் சேர்ந்து செய்தது. ராவிய ஸ்விட்சை மறுபடி மாட்டும்போது இலையை அதிகமாக வளைத்துவிட்டோம். கை முழுக்க உயர்ந்தும் ஸ்விட்ச் திறக்கவில்லை. அடி என்னவோ அபாரம். நான் ஆசையோடு பொத்தானைப் பிடித்தபடி நின்றேன். பத்து நொடியில் வார்னிஷ் கருகும் வாசனை. காகா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். காயில் மேல் சுற்றிய காகிதம் பழுப்பேறியதோடு தப்பித்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காகச் செய்தோம். அமெரிக்கா போய்வந்த சக ஊழியர் பெட்டியில், அவர் மனைவி கேட்ட சாக்லேட்டுக்குப் பக்கத்தில், பிளஞ்சர், இணைப்புத் துண்டு, ஸ்லீவ், தடுப்பு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாம் அடங்கிய ஒரு தொகுப்பு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றினோம். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் ஆடுபவருக்குக் கை கணக்குத் தப்பும்.

பொருத்துவதிலும் இரண்டு நுணுக்கம். ஒன்று, கையின் கோணம். ஓய்வில் இருக்கும்போது, குண்டு பக்கவாட்டில் உருண்டு வரும் கம்பி வழியும் கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கை தாழ்ந்தால் குண்டு பள்ளத்தில் விழுந்து நடுவே ஓடும், உயர்ந்தால் தட்டி எகிறும். இரண்டு, உயரம். கிளாம்ப்பை இறுக்கும் முன் கைக்கும் புஷ்ஷிங்குக்கும் நடுவே விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஆட்டம் விட வேண்டும். விடாவிட்டால் கை இறுகிப் போய்ச் சோம்பும், அதிகமாகத் தொங்கினால் பலகையின் வண்ணத்தை வட்டமாகச் சுரண்டிவிடும். நான் மேலே கையைப் பிடிக்க, காகா கீழே படுத்து ஸ்பானரைத் திருப்ப, "ஜரா டாவா, ஜரா உஜவா" என்று ஒரு மணி நேரம். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. மூன்று வருடத்தில் வராத மராத்தி அன்று வந்துவிட்டது.

அதிர்ஷ்டமா, திறமையா?

இனி விட்ட இடத்திலிருந்து. 1942-ல் தடை, 1947-ல் ஃப்ளிப்பர். சட்டம் பார்த்தது கையில்லாத இயந்திரத்தை. கை முளைத்த பிறகும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நியூயார்க்கில் முப்பது வருடத்துக்கும் மேல் அந்தத் தடை நீடித்தது. 1974-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் தடையை ரத்து செய்தது. இது அதிகமும் திறமை விளையாட்டு என்பதே காரணம்.

நியூயார்க் முறை 1976 ஏப்ரலில் வந்தது. நகர சபைக் குழு முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் சாட்சி சொன்னார். வாயால் சொன்னால் போதாது, ஆடிக் காட்டு என்றார்கள். ஒன்றுக்கு இரண்டு இயந்திரம் கொண்டுவந்திருந்தார்கள், இரண்டாவது பழுதானால் மாற்றாக. ஒரு உறுப்பினருக்குச் சந்தேகம், மாற்று இயந்திரத்தில்தான் ஆட வேண்டும் என்றார். ஷார்ப் ஆடினார். கடைசியில் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இப்போது குண்டு உச்சியில் நடு வழியில் இறங்கும் என்று அறிவித்துவிட்டு இழுத்து விட்டார். இறங்கியது! குழு சம்மதித்தது, தடை நீங்கியது.

எனக்கு இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டைத் திறமை விளையாட்டாக மாற்றியது ஃப்ளிப்பர். ஆனால் அதை நிரூபிக்க உதவியது 1871-ன் ஸ்பிரிங் தண்டு. அந்த அடியில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்ததாக ஷார்ப்பே பிற்பாடு ஒத்துக்கொண்டார். இந்தக் கதையை 2022-ல் படமாகவும் எடுத்தார்கள்.

இது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. 1968-ல் நம் உச்ச நீதிமன்றம் ரம்மி ஆட்டத்துக்கு நினைவாற்றலும் திறமையும் வேண்டும், அது வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது. 1996-ல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கிலும் அதே தராசுதான். இணைய ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்கள் செய்தி வந்து, தமிழ்நாடு சட்டம் போட்டு, 2023-ல் ரம்மி, போக்கர் பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியதும் நினைவிருக்கும். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் கூடாது என்று கேள்வியையே மாற்றிவிட்டது.

லா கார்டியாவின் கவலையும் நம் தாய்மார்களின் கவலையும் ஒன்றுதான். ஆடுபவன் கையில் என்ன இருக்கிறது, அவன் பையில் யார் கை விடுகிறார்கள்? முதல் கேள்விக்கு ஃப்ளிப்பர் பதில் சொன்னது. இரண்டாவது கேள்வியைப் பொருளாளர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் அறையில் காசு போடும் துளையை அடைத்துவிட்டோம், ஆட்டம் இலவசம்.

மார்ச்

கடைசி வெள்ளிக்கிழமை. நிர்வாகத்து ஆள் பட்டியலோடு வந்து நின்றார். காகா பிளக்கைச் செருகினார். நான் குண்டை விட்டேன். இடது கை அடித்த அடியில் குண்டு சரிவுப்பாதை ஏறி, சுற்றி, வலது கைக்கு வந்தது. வலது கை பிடித்து நிறுத்தியது, விட்டது, அடித்தது. நிர்வாகத்து ஆள் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு "நானும் ஒரு தடவை?" என்றார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் நகர்ந்தார். மூன்றாவது வரியை அவரே பேனாவால் அடித்தார்.

திங்கட்கிழமை காகாவுக்கு வழியனுப்பு விழா. சால்வை, தேங்காய், சுவர்க் கடிகாரம். விழா முடிந்து தேடினால் ஆளைக் காணோம். புது மாடியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று புதுப் பையனுக்கு அந்த இலை ஸ்விட்சைக் காட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஸ்பிரே விஷயத்தையும் சொல்லிவிட்டார் போல, பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிப்போனேன். நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் மூன்று குண்டும் இரண்டு கைக்கும் நடுவே நேராக விழுந்தன. "அப்பா, நீங்க இன்னும் சரியா ரிப்பேர் பண்ணலை. நடுவுல ஓட்டை இருக்கு" என்றாள். அது கார்டெக் மாமா விட்ட ஓட்டைம்மா, அதை அடைக்க முடியாது என்றேன். நம்பவில்லை. இன்னொரு ஆட்டம் கேட்டாள்.

உங்கள் அலுவலகத்திலோ, ஊர் கிளப்பிலோ இப்படி ஏதாவது துணி போர்த்திக் கிடந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை அடியில் பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆணிப்பலகை ஆடியவர்கள், எக்ஸ்பியில் இரவைக் கழித்தவர்கள், உங்கள் அதிகபட்ச ஸ்கோரோடு எழுதுங்கள். பொய் சொன்னாலும் பரவாயில்லை :-)